புத்தகத்தின் வயிற்றிலே ஒரு துவக்கு

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி. பத்தாந் தர வகுப்பிலே பெயரெச்சம் கற்பித்துக்கொண்டிருந்தோம். உதாரணம் கேட்டோம். "ஓடிய குதிரை", "பாடிய குயில்" என்று முன்வாங்கு மாணவர்கள் வழிவழியாக வந்த உதாரணங்களையே சொல்லினர். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "வெட்டிய புத்தகம்" என்றான். வகுப்புக் கொல்லெனச் சிரித்தது. இலக்கணத்தின்படி அவ்வுதாரணத்திற் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பின் பொருள் எமக்குப் புலப்படச் சிறிது நேரம் பிடித்தது.

"சேர், சட்டப் புத்தகத்த வெட்டி உள்ளுக்க துவக்க வெச்சிக் கொண்டு போனாங்களாம். தாள் கிழியாம எப்படி சேர் வெட்டியிருப்பாங்க?" என்று அவனே மேலும் கேட்டான்.

முதல் நாள் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்திலே, கூண்டில் நின்ற கணேமுல்ல சஞ்சீவ என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாதாள உலகத் தலைவர்களுள் ஒருவர் என்று பொலிஸாராற் சொல்லப்பட்டவர். பலத்த காவலோடு சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர். சுட்டவன் சட்டத்தரணியின் உடையில் வந்தான். கைத்துப்பாக்கியோ, உள்ளே குடையப்பட்ட சட்ட நூல் ஒன்றினுள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது என்று பொலிஸார் கூறினர். அதற்கும் முதல் நாள் இரவு, தெற்கே மித்தெனியவில் ஒரு தந்தையும், அவருடைய ஆறு வயது மகளும், ஒன்பது வயது மகனும் சூட்டுக்கு இரையாயினர். ஆனால் எம்மூர்த் தேநீர்க் கடையிலும் பஸ் தரிப்பிலும் புத்தகத்தைப் பற்றியே பேசினர். பிள்ளைகளைப் பற்றிப் பேசினாரில்லை. பெரியோரே இப்படியென்றால் பின்வாங்கு மாணவனைக் குறைகூறுவது எங்ஙனம்?

அடுத்த வாரம் அவனுடைய மேசைக்குள் ஒரு பழைய தமிழ்ப் பாடநூல் அகப்பட்டது. நடுவிலே பக்கங்களை நேர்த்தியாகச் சதுரம் வெட்டி, குழியினுள்ளே கைத்தொலைபேசியை ஒளித்திருந்தான். தாள் கிழியாமல் வெட்டும் வித்தையைத் தானே கண்டுபிடித்துவிட்டான்! அடிக்கக் கை ஓங்கியது; ஓங்கிய கையை நாமே வெட்கத்தோடு இறக்கிக்கொண்டோம். பாடநூலைப் பறித்து எமது அலுமாரியில் வைத்தோம். அது இன்றும் அங்கேயே இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஆசிரியர் அறையிலே இதைச் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், "தம்பி, அது கொழும்புப் பிரச்சினை. காடையர் காடையரைச் சுடுகிறார்கள். வாவிக்கரையில் இருக்கிற நமக்கென்ன?" என்றார். நல்ல மனிதர், முற்போக்கான எண்ணங்கள் உடையவர். ஆயினும் அவர் கூற்றை எம்மால் ஏற்க முடியவில்லை. நகரத்துத் துவக்கு நகரத்திலே முளைத்ததன்று. அது எங்கிருந்து வந்தது என்று கேட்க மறுக்கும் வரையில் அதனை ஒழிக்கவும் முடியாது.

எமது குருக்கள்மடம் வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்த எழுவான்கரைக் கிராமம். துறையிலே படகுப்பாதை ஏறினால் அக்கரையில் அம்பிளாந்துறை. அதற்கப்பால் படுவான்கரை வயல்கள். பாட்டன்மார் காலத்திலே துவக்கு என்பது வயலுக்கு வரும் பன்றியையும் யானையையும் வெருட்ட வைத்திருந்த ஒரு கருவி. ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரித்தானியர் 1916இல் இயற்றிய சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கு அநுமதிப்பத்திரம் வேண்டும். அந்த ஒன்றிரண்டு துவக்குகளும் யாருடைய வீட்டில் இருக்கின்றன என்பதை ஊரே அறியும்.

துப்பாக்கியை எம் பிரதேசத்தார் துவக்கு என்றே வழங்குவர். 'தொடங்கச் செய்' என்னும் பொருளிலும் அதே ஒலியுடைய வினை தமிழில் உண்டு. இரண்டும் வேர் வேறான சொற்கள். ஆயினும் எம் மண்ணின் அநுபவம் அவற்றை ஒன்றாக்கிவிட்டது. துவக்கு இங்கே எதனையும் முடித்துவைத்ததில்லை. ஒவ்வொன்றையும் துவக்கியே வைத்தது.

இன்று சூட்டுச் செய்திகளில் அடிக்கடி காணும் ரி-56 என்பது, சோவியத் கலாஷ்னிகோவின் மாதிரியைப் பின்பற்றிச் சீனா செய்த துப்பாக்கி. அதன் பெயரிலுள்ள எண் 1956ஆம் ஆண்டைக் குறிக்கும். அதே ஆண்டிலேதான் இந்நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. கல்லோயாவில் தமிழரின் இரத்தம் சிந்தியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, தற்செயலே. ஆனால் உரிமை மறுக்கப்பட்ட இடத்தைத் தேடித் துவக்கு வந்து சேர முப்பது ஆண்டுகள் போதுமாயிருந்தன. எண்பதுகளிலே இராணுவத்தின் கையில் அது வந்தது. பின்னர் இயக்கங்களின் கையிலும் வந்தது. தெற்கே 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் சிங்கள இளைஞர்களையும் துவக்கே தின்றது.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்லவேண்டும். 1990 யூலை 12ஆந் திகதி, கல்முனை வீதி வழியாகக் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள், மக்காவுக்குச் சென்று மீண்ட யாத்திரிகர்கள் உட்பட, எமது குருக்கள்மடத்திலே விடுதலைப் புலிகளால் மறித்துக் கொல்லப்பட்டனர். பல பத்துப் பேர். அடுத்த மாதம் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலே தமிழ் மக்கள், குழந்தைகளும் முதியோரும் உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு யூன் 12இல் அக்கரையிலுள்ள மகிழடித்தீவில், கண்ணிவெடியிற் சிப்பாய்கள் இறந்ததற்குப் பழியாக, இராணுவத்தினர் 67 பொதுமக்களைக் கொன்றனர் என்று அரசாங்கம் நியமித்த ஆணைக்குழுவே கண்டது. கொலைக் குற்றத்திற்காக ஒரு சிப்பாயும் தண்டிக்கப்படவில்லை.

மகிழடித்தீவைப் பற்றி எமது வீடுகளிற் பேசுவோம். சத்துருக்கொண்டானைப் பற்றிப் பேசுவோம். எமது ஊர் மணலிலே நடந்ததைப் பற்றிப் பேசமாட்டோம். இறந்தோரின் எச்சங்களைத் தோண்டியெடுத்துத் தம் சமயமுறைப்படி நல்லடக்கம் செய்யவேண்டும் என்று உறவினர் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தை நாடியபோதும் எமது ஊர் மௌனமாகவே இருந்தது. நாம் அப்போது பிறந்த குழந்தை. ஆயினும் அந்த மௌனத்தைப் பாலோடு பருகி வளர்ந்தவர்களே நாமும்.

நாம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த 2006ஆம் ஆண்டில் வகுப்பில் வாங்குகள் வெறுமையாகத் தொடங்கின. ஆயுதக் குழுக்கள் வீதியிலே வைத்து இளைஞர்களைப் பிடித்துச் சென்ற காலம் அது. எமக்கு அருகில் இருந்தவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. ஆசிரியர் இடாப்பிலே அவன் பெயரைக் கூப்பிட்டார், பதில் இல்லை, அடுத்த பெயருக்குச் சென்றார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் வாரம் அந்தப் பெயரைக் கூப்பிடுவதே நின்றுவிட்டது. இன்று இடாப்பைக் கையில் எடுக்குந்தோறும் அந்த மூன்றாம் வாரம் எமது நினைவுக்கு வருகிறது.

2009 மே மாதம் போர் முடிந்தது. துவக்குகள் முடிந்தனவா? இல்லை. எசமானனை இழந்த துவக்கு புதிய எசமானனைத் தேடியது. இராணுவ முகாம் ஒன்றிலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்தாரின் கைக்குச் சென்றன என்று பொலிஸ் தலைமையே 2025இல் அறிவித்தது. தப்பியோடிய படையினரைக் கைது செய்யுமாறு பாதுகாப்புச் செயலாளர் அவ்வாண்டு பெப்ரவரியிலே பணித்தார். ஏன்? குறி வைக்கக் கற்பிக்கப்பட்டு, வேறொன்றும் கற்பிக்கப்படாமல், வேலையின்றிக் கைவிடப்பட்ட கிராமத்து இளைஞனே கூலிக் கொலைக்கு மலிவாகக் கிடைக்கிறான் என்பதனால். ஹெரோயினும் ஐஸும் கொணரும் பணம் அவனுக்குக் கூலி கொடுக்கிறது. விசையை இழுக்கும் விரல் வறியவனுடையது. சூட்டை ஏற்பவனும் பெரும்பாலும் வறியவனே. கட்டளையிடும் குரலோ கடல் கடந்து வசதியாக வாழ்கிறது. இதிலே வர்க்கத்தைக் காண மறுப்பவன் எதனைக் காண்பான்? 2025 முடியுமுன்னரே நூற்றுக்கு மேற்பட்ட சூட்டுச் சம்பவங்களிலே ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒக்டோபர் 22இல் வெலிகம பிரதேச சபைத் தலைவர் தமது அலுவலகத்திலேயே சுடப்பட்டு இறந்தார்.

"நமக்கென்ன?" என்று கேட்ட ஆசிரியருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். எமது பழைய மாணவன் ஒருவன் கொழும்பிலே கடைச் சிற்றூழியனாக இருக்கிறான். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வந்தவன் எம்மைப் பார்க்க வந்தான். நெடுநேரம் வேறெதையோ பேசிவிட்டு, போகும்போது படலையடியில் நின்று சொன்னான்: "சேர், ஒருத்தன் கேட்டான். ஒரு நாளைக்கு மோட்டார் சைக்கிள் ஓடினாக் காணுமாம். பின்னுக்கு ஆர் இருக்கிற எண்டு கேக்கப்படாதாம். எனக்கு ஆறு மாதச் சம்பளம்." மறுத்துவிட்டானாம். "ஆனா சேர், அறை வாடகை ரெண்டு மாதம் நிக்கிது. அவன் திரும்பியும் கேப்பான்."

அறிவுரை சொல்ல வாய் திறந்தோம், சொல் வரவில்லை. நன்னூலும் தொல்காப்பியமும் கற்பித்த வாய் இரண்டு மாத வாடகைக்கு முன்னே ஊமையாயிற்று. நாமும் நண்பர் இருவரும் சேர்ந்து அந்த வாடகையைக் கட்டினோம். இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஓர் இளைஞனுக்கும் ஒரு கொலைக்கும் இடையே இந்நாட்டில் இரண்டு மாத வாடகையே நிற்கிறது என்பதைச் சொல்லவே சொல்கிறோம். அவனைப் போன்ற எத்தனையோ பேருக்கு வாடகை கட்ட யார் இருக்கிறார்கள்?

அரசு அறிந்த மருந்து ஒன்றே: பிடி, அடை, சுடு. 2023 டிசெம்பரிலே 'யுக்திய' என்னும் பெயரில் பெரும் வேட்டை தொடங்கிற்று. பல பத்தாயிரம் பேர், பெரும்பாலும் வறியோர், கைது செய்யப்பட்டனர். அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்களே கேட்க நேர்ந்தது. அத்தனை கைதுகளுக்குப் பின்னரும் 2025இன் சூடுகள் நிகழ்ந்தன. புதுக்கடைக் கொலை நடந்து இரண்டு நாளில் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுடப்பட்டார். பிடிபட்ட சந்தேகநபர் இருவரும் பொலிஸாரின் சூட்டில் இறந்தனர். ஆயுதத்தைப் பறிக்க முயன்றனர் என்பது பொலிஸாரின் விளக்கம். இந்த விளக்கத்தை வடக்கும் கிழக்கும் தெற்கும் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கின்றன. இறந்தவன் வாய் திறவான். துவக்கு எங்கிருந்து வந்தது, பணம் யார் கொடுத்தார் என்பதும் அவனோடு புதைந்துவிடும். சட்டத்திலே கடுமை குறைவில்லை. தானியங்கித் துப்பாக்கியைக் கள்ளமாக வைத்திருப்போருக்கு ஆயுட்சிறை வரை விதிக்க 1996இன் திருத்தம் இடமளிக்கிறது. கடுமை இருந்தது, கணக்குத்தான் இல்லை.

உலகத்து நகரங்கள் சில வேறு வழியும் கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இளைஞர் கொலைகள் பெருகின. ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, நகர இளைஞரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவான ஏறத்தாழ 1,300 பேரே இளைஞர் கொலைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றோடு தொடர்புடையோர் என்பது தெரிந்தது. சேரி முழுவதையும் வேட்டையாடுவதை விட்டு, பொலிஸாரும் போதகர்களும் தெருவிலே பணிபுரியும் சமூக ஊழியர்களும் ஒன்றாக அந்தச் சிலரை அழைத்து முகத்துக்கு முகம் பேசினர்: சூடு நின்றால் வேலைக்கும் படிப்புக்கும் கைகொடுப்போம், நில்லாவிட்டால் குழு முழுவதும் பொறுப்பேற்க வேண்டும் என்றனர். கள்ளத் துப்பாக்கி விற்போரையும் தொடர்ந்தனர். 1996இல் தொடங்கிய இம்முயற்சியின் பின் இளைஞர் கொலைகள் 63 வீதம் குறைந்தன என்று ஆய்வு காட்டியது.

கொலம்பியாவின் காலி நகர முதல்வராயிருந்த ரொட்ரிகோ குறேரோ ஒரு வைத்தியர். கொலையையும் கொள்ளைநோய் போலவே ஆராய்ந்தார்: எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே? சம்பள நாளிலும் வார இறுதியிலும் மதுவோடு சேர்ந்தே கொலை பெருகுவது கண்டு, அந்நாட்களில் துப்பாக்கி கொண்டு திரிவதைத் தடை செய்தார். தடை நடைமுறையில் இருந்த நாட்களிற் கொலைகள் 14 வீதம் குறைந்திருந்தன. பொகோட்டா நகரிலோ மக்கள் மனமுவந்து ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கிக் குழந்தைகளுக்குச் சோறூட்டும் கரண்டிகள் செய்தனர். பிலடெல்பியாவில் குப்பை மேடாய்க் கிடந்த வெறும் வளவுகளைத் துப்புரவாக்கிப் புல்லும் மரமும் நட்டபோது, மிக வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 வீதம் குறைந்தது என 2018இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

இவற்றிலே மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்கு இருக்கிறது. எண்ணிப் பார்த்தார்கள், அதனால் எங்கே கை வைப்பது என்பதை அறிந்தார்கள். கொழும்புக்கும் அதுவே வேண்டும். ஒவ்வோர் ஆயுதக் களஞ்சியத்தின் கணக்கும் படைக்கு வெளியே நிற்கும் ஒருவராற் பரிசோதிக்கப்படவேண்டும். காணாமற்போன ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் அதிகாரி பதில் சொல்லவேண்டும். படையை விட்டு ஓடியவனுக்குக் குகைக்குள் ஒளிவதைத் தவிர வேறொரு வாசலும் திறந்திருக்கவேண்டும்: குற்றம் செய்யாதவனுக்கு முறையான விலகல், கைத்தொழில், சம்பளம். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டக் குடியிருப்புகளிலே, பழிக்குப் பழி கிளம்புமுன் போய்ப் பேசக்கூடிய, அம்மக்கள் நம்புகிற சொந்த மனிதருக்கு வேதனம் கொடுக்கவேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் ஒரே குழாயிலே தண்ணீர் பிடிக்கும் இடங்கள் அவை. அங்கே விழும் வெடிக்கு இனம் இல்லை.

இவை அரசின் வேலை. ஆசிரியரின் வேலை எது?

இரண்டாந் தவணையிலே மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தோம்: "எங்கள் வீட்டு முதியோர் கண்ட துவக்கு." வீட்டிலே கேட்டு எழுதி வரவேண்டும். சிலர் யானைவெடி பற்றி எழுதினர். பலர் மகிழடித்தீவைப் பற்றி எழுதினர். பாடநூலை வெட்டியவன் ஒரு பக்கமே எழுதியிருந்தான். அவனுடைய அம்மம்மா 1990 யூலையிலே கடற்கரைப் பக்கம் கேட்ட வெடிச் சத்தத்தையும், மறுநாள் வீதியோரம் கிடந்த ஒற்றைச் செருப்புகளையும், தொப்பி ஒன்றையும் பற்றிச் சொன்னாராம். முப்பத்தைந்து ஆண்டுகளாக எவருக்கும் சொன்னதில்லையாம். கடைசி வரியிலே அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: "துவக்கு ஆர்ர கையில எண்டு பாக்காத மனே. விழுந்தது ஆர்ர புள்ள எண்டு பார்."

அந்தக் கட்டுரையை வகுப்பிலே வாசிக்கச் செய்தோம். வாசிக்கையில் அவன் குரல் ஓரிடத்திற் தடுமாறியது. எவரும் சிரிக்கவில்லை. மறுநாள் மூத்த ஆசிரியர், "பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்?" என்று கடிந்துகொண்டார். இரு பெற்றோர் அதிபரிடமும் முறையிட்டனர். எமக்கு அச்சமில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் பயிற்சியைத் திரும்பப் பெறவில்லை.

அன்று மாலை அலுமாரியைத் திறந்து அந்த வெட்டிய பாடநூலை எடுத்து வாசித்துப் பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் வாக்கியம் தொடங்குகிறது, நடுவிலே அறுந்துபோகிறது, குழியைத் தாண்டி மீண்டும் தொடர்கிறது. இந்நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வரலாறும் அப்படிப்பட்டதே. தமிழன் ஒரு பகுதியை வெட்டுகிறான். சிங்களவன் இன்னொரு பகுதியை வெட்டுகிறான். வெட்டுண்ட பக்கங்களின் இடத்திலே குழி விழுகிறது. துவக்கு வந்து படுத்துக்கொள்வது அந்தக் குழியிலேதான்.

துவக்குகளின் கணக்கை அரசிடம் கேட்போம், விடாது கேட்போம். ஆனால் இறந்தோரின் கணக்கை எமது வகுப்பறையிலே நாமே தொடங்கவேண்டும். இடாப்பிலே கூப்பிடாது விட்ட பெயர்களை, எம்மவர் பெயரோ அயலவர் பெயரோ, மீண்டும் கூப்பிடவேண்டும். ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, அதற்குப் பணம் வேண்டியதில்லை, அரசாணையும் வேண்டியதில்லை. வெட்டிய இடத்திலே ஒவ்வொரு பக்கமாக ஒட்டத் தொடங்கினாற் போதும்.